சீக்கிரம் கெட்டுப்போகிற டிஸ்க்

"இருக்கிறதுலேயே சீக்கிரம் கெட்டுப்போற டிஸ்க் எது தம்பி?"

தெரேரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த வில்ஃப்ரிடோ நிமிர்ந்து பார்த்தான். எல்லை ஆற்றங்கரை ஊரான என்கார்னசியோனின் சந்தையில் ஒன்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறான். வெற்று டிஸ்க் வாங்க ஆறு தாண்டி அர்ஜென்டினாக்காரர்கள்கூட வருவார்கள். இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

"விளையாடாதீங்கக்கா. எல்லாரும் நாள்பட உழைக்கிறதைத்தான் கேப்பாங்க."

சுனில்டா பையிலிருந்து ஒரு வீடியோ டேப்பை எடுத்து வைத்தாள். "இது தேஞ்சுபோச்சு, எப்ப வேணா அறுந்துடும். டிஸ்க்ல ஏத்தித் தரணும்."

"அப்போ இந்தப் பொன் கலர் எடுங்க. நூறு வருஷம் தாங்கும்னு போட்டிருக்கான்."

"ஐயோ, அது வேண்டாம்!"

"அழிச்சு அழிச்சுப் பதியுறது தரவா? அலுத்துப்போனா அழிச்சுட்டு கால்பந்து பதிஞ்சுக்கலாம்."

"அழிக்கக் கை வராதே."

வில்ஃப்ரிடோ டேப்பைப் போட்டுப் பார்த்தான். சான் ஹுவான் திருவிழா. தீப்பற்றி எரியும் பந்தை ஒரு பையன் எட்டி உதைத்துவிட்டு, "அம்மா, தள்ளி நில்லு!" என்று சிரித்தான். அதற்குள் படம் கோடு கோடாக ஓடியது.

"மகனா?"

"டெர்லிஸ். அந்த வருஷமே ஆத்தோட போயிட்டான்."

வில்ஃப்ரிடோ டேப்பை நிறுத்தினான். பிறகு அவளே சொன்னாள்.

"வீட்டுல ஒரு ஆளு விடிஞ்சதுலேர்ந்து இதையேதான் பார்த்துக்கிட்டிருக்கு. வேலைக்குப் போறதில்ல. யாராவது தட்டினா கதவு திறக்கிறதில்ல. வேகவச்ச மரவள்ளிக்கிழங்கு தட்டுலயே காஞ்சு கிடக்கு."

"டேப்பை உடைச்சுப் போட்டிருக்கலாமே!"

"ரெண்டு தடவை சுத்தியலை எடுத்தேன். முடியல. ஒரேயடியா இல்லாமப் போனா உயிர் தாங்காது தம்பி. மெல்ல மெல்ல மங்கி, ஒண்ணு ரெண்டு வருஷத்துல அதுவாப் போயிடணும்."

வில்ஃப்ரிடோ மேல்தட்டில் துழாவி, பெயர் போடாத மலிவு டிஸ்க் ஒன்றை எடுத்தான்.

"இதை ஜன்னலோரமா வெயில்ல வைங்க, சீக்கிரம் போயிடும்." தயங்கினான். "ஐயா ரொம்ப ஒடிஞ்சு போயிட்டாரு போல. ஞாயித்துக்கிழமை வேணா நான் வந்து அவர்கிட்ட பேசட்டுமாக்கா?"

சுனில்டா திரும்பித் தெருவைப் பார்த்தாள்.

"டி.வி. சத்தம் பொறுக்காம அவர் போன வருஷமே தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டார் தம்பி. பார்த்துக்கிட்டிருக்கிறது நான்தான்."