தூரத்தில் ஒரு குவாரி

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் குவாரிக்காரர்கள் திரையில் காட்டிய படத்தைப் பார்த்ததும் மரகதத்துக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அவள் வீட்டுக்குப் பின்னாலேயே பாறையைப் பிளந்துகொண்டிருக்கும் குவாரி, படத்தில் எங்கோ அடிவானத்தோரம் கிடந்தது. இடையில் பச்சைப்பசேலென்று வெளி. கூட்டம் முடியும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. படமெடுத்த தினகரனைக் கையோடு தன் வீட்டு வாசலுக்கு இழுத்துவந்தாள்.

“இது என் வீடு. அது குவாரி. நடுவுல எங்க உன் பச்சை?”

“அது ஒய்டு ஆங்கிள் லென்ஸ்க்கா. முன்னால இருக்கற புல்லு பெருசாத் தெரியும், பின்னால இருக்கறது சின்னதாகித் தள்ளிப் போயிடும். அந்த லென்ஸ்லதான் எடுக்கணும்னு அவங்க சொன்னாங்க.”

“என் சுவத்துல விட்டிருக்கே விரிசல், அதையும் தள்ளி வைக்குமா உன் லென்ஸு?”

அவன் வாய் திறக்குமுன் குவாரியில் வெடி வைக்கப்போவதை எச்சரிக்கும் முதல் சங்கு ஊதியது. கூட்டம் நடக்கிற நாளில்கூட அவர்கள் நிறுத்தவில்லை. தினகரன் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடத் திரும்பினான். மரகதம் அதன் வாரை எட்டிப் பிடித்தாள்.

“அவ்வளவு தூரத்துல இருக்கே தம்பி. எதுக்கு ஓடற?”

இரண்டாம் சங்கும் ஊதியது. அவள் பிடியை விடவில்லை.