சிஸ்டர் ஜெஸிந்தா வேண்டாம்

"சிஸ்டர் ஜெஸிந்தா இனி எங்கள் வார்டுக்கு வேண்டாம். ஆளுக்கு ஒரு மாதிரி கவனிக்கிறார். பாரபட்சம் பார்க்கிறார்."

கீழே மூன்று கையெழுத்து.

ஹெட் நர்ஸ் வீரம்மாவுக்குச் சுருக்கென்றது. குன்னூரில் இந்த ஆஸ்பத்திரிக்கு அவர் வந்து இருபது வருஷம். நர்ஸ்கள் மேல் புகார் வருவது புதிதில்லை. ஆனால் ஜெஸிந்தா மேலா?

தாளை மடித்துக்கொண்டு நேரே மூன்றாம் வார்டுக்குப் போனார். அங்கே மூன்றே கட்டில். மூன்று பேருக்கும் நுரையீரலில் புற்றுநோய். உடம்புதான் படுத்திருந்ததே தவிர, வாய்க்குக் குறைச்சல் இல்லாதவர்கள்.

"என்ன பாரபட்சம்? சொல்லுங்க."

அருவங்காடு ஃபேக்டரியில் ரிட்டயரான பொன்ராஜ் முந்திக்கொண்டார்.

"ஏனுங்க மேடம், இந்த மார்கழிக் குளிர்ல நாங்க கம்பளிக்குள்ள நடுங்கறோம். ஒச்சப்பனுக்கு மட்டும் மூஞ்சிக்கு நேரா ஃபேன் போடறாங்க. இந்த மலையில யாராச்சும் ஃபேன் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"அவருக்கு மூச்சு வாங்குது. முகத்துல காத்து பட்டா இதமா இருக்கும். அப்புறம்?"

எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளுக்குக் கவாத்து வெட்டிய ஒச்சப்பன் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"பாய்க்கு மட்டும்... அஞ்சு மணிக்கே... வெந்நீர் வருதுங்க. தொழுகைக்காம். எங்களுக்கு... ஏழு மணிக்குத்தான்."

"நீங்க அஞ்சு மணிக்கு எந்திரிப்பீங்களா?"

"அதெப்படிங்க... தூக்கம் வருமில்ல."

பஜாரில் துணிக்கடை வைத்திருந்த அபுபக்கரும் விடவில்லை.

"பொன்ராஜ் சோத்தைத் தொட மாட்டாருங்க. உடனே, ஃபேக்டரியில டீ குடிச்சுப் பழகின நேரம்னு, பத்து மணிக்கும் மூணு மணிக்கும் அவருக்கு மட்டும் வர்க்கி பிஸ்கட்டும் டீயும். நான் ஒண்ணே ஒண்ணு கேட்டாக்கூடக் கிடையாது."

"உங்களுக்குச் சுகர் இருநூத்தெழுபது, பாய்."

பாய் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

வீரம்மாவுக்குக் கோபம் வந்தது. "ஒவ்வொருத்தருக்கும் எது வேணும்னு பாத்துப் பாத்துச் செய்யறதுக்குப் பேரு பாரபட்சமா? புதுசா வர்ற நர்ஸுங்ககிட்ட நான் தொண்டை கிழியச் சொல்றதே இதைத்தான்."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க," என்றார் பொன்ராஜ். "நாளையிலிருந்து ராக்கம்மா சிஸ்டரைப் போடுங்க."

ராக்கம்மா ஊசி போட்டால் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று போன வாரம் புலம்பியதும் இதே பொன்ராஜ்தான். நன்றி கெட்ட மனுஷர்கள் என்று வீரம்மா மனதுக்குள் திட்டிக்கொண்டார்.

"சரி. ஜெஸிந்தாவைப் பெண்கள் வார்டுக்கு மாத்திடறேன். திருப்திதானே?"

மூன்று பேருக்கும் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, அங்கயும் வேண்டாமுங்க," என்று பதறினார் அபுபக்கர். "வீட்டுக்கே அனுப்பிடுங்க."

"வேலையை விட்டே துரத்தணுமா? அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"மூணு நாளைக்கு மட்டுமுங்க," என்றார் பொன்ராஜ், தலையைக் குனிந்துகொண்டு.

"அதென்ன மூணு நாள் கணக்கு?"

ஒச்சப்பன் தலையணைக்கு அடியிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். குப்பைக்கூடையில் ஜெஸிந்தா போட்டுவிட்டுப் போனதாம்.

அவளுடைய லீவு லெட்டர். கூடலூரில் அம்மா வீட்டில் விட்டிருக்கும் நான்கு வயது மகளோடு கிறிஸ்துமஸ் கொண்டாட நாளையிலிருந்து மூன்று நாள் கேட்டிருந்தாள். குறுக்கே சிவப்பு மையில், வீரம்மாவே எழுதிய பதில்.

'லீவு இல்லை. இவர் இல்லாமல் மூன்றாம் வார்டு நோயாளிகள் சமாளிக்க மாட்டார்கள்.'

வீரம்மா தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இதை நேரா எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே, பாய்?"

"என்னன்னுங்க சொல்றது? நீங்க எழுதியிருக்கறது நெசந்தானே," என்றார் அபுபக்கர். "நெசத்தைச் சொன்னா அந்தப் புள்ளைகிட்ட அம்மா போய்ச் சேர மாட்டாங்களே. அதான் மூணு பேருமாச் சேந்து பொய்ப் புகார் எழுதினோம்."