தனிப்பிள்ளை

“வீட்டிலை குமர்ப்பிள்ளையள் எத்தினை பேர்?”

“ஒருத்தருமில்லை ஐயா. நான் தனிப்பிள்ளை.”

தயாபரன் இப்படிச் சொன்னபோது கலியாணமாகாத அவனுடைய அக்காவும் இரண்டு தங்கைகளும் அவனுக்குப் பின்னால்தான் நின்றார்கள். கடைக்குட்டி வதனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சிரிக்காதை பிள்ளை! நீ திருப்பிச் சொல்லடா. மூஞ்சையிலை கள்ளம் தெரியுது,” என்றார் நமசிவாயம் மாமா.

மாமா அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். காலமெல்லாம் ஒரே கதிரையில் இருந்ததாலோ என்னவோ, உலகத்துக் கதிரைகள் எல்லாவற்றைப் பற்றியும் தனக்குத் தெரியும் என்று நம்புகிறவர்.

மறுநாள் தயாபரன் படிக்கிற தொழில்நுட்பக் கல்லூரியில் வேலைச்சந்தை. யாழ்ப்பாணத்தில் இன்னும் மூடாமல் கிடக்கிற நாலைந்து கம்பனிகள் வந்து, பயிற்சிக்கும் வேலைக்கும் பெடியன்களைத் தெரிவுசெய்யப் போகின்றன. கோப்பாய்ச் சவர்க்கார முதலாளி பரமலிங்கத்துக்குக் கணக்கு எழுத ஓர் ஆள் வேண்டுமாம். சண்டையால் கரண்டும் இல்லாமல் கப்பலும் வராமல் ஊர் கிடக்கிற காலத்தில், சவர்க்காரம் காய்ச்சுகிறவர்தான் மகாராசா.

“உந்த மனிசன் கடைசியா ஒரு கேள்வி கேப்பாராம். அதிலைதான் ஆளை வெட்டுறவராம்,” என்று மாமா குரலைத் தாழ்த்தினார். “வீட்டிலை குமர் எத்தினை எண்டு ஏன் கேக்கிறார்? யோசிச்சுப் பார். மூண்டு பேருக்குச் சீதனம் தேடவேண்டியவனைக் காசு வைக்கிற மேசை லாச்சிக்குக் கிட்ட விடுவினமோ? கை தானாப் போகுமெல்லோ!”

தயாபரனுக்கு அது வேதவாக்கு.

“அப்ப நாங்கள் ஆர் அண்ணை?” என்றாள் வதனி.

“அயலட்டைச் சனம்,” என்றான் அவன், கண்ணாடியைப் பார்த்துத் தலை இழுத்தபடி.

அக்கா நாகேஸ்வரி கோபிக்கவில்லை. அப்பா கண்ணை மூடிய பிறகு அந்த வீட்டை இழுத்துக்கொண்டு போவது அவளுடைய தையல் மெசின்தான். இந்த வேலை கிடைத்தால்தான் அவளுக்கொரு கலியாணத்தைப் பற்றி அம்மா வாய் திறக்கவே முடியும்.

“சொல்லட்டும் மாமா,” என்று சிரித்தாள் அவள். “முதல்லை தம்பிக்கு வேலை கிடைக்கட்டும். நாங்கள் பிறகு ஆறுதலாப் பிறக்கிறம்.”

சொல்லிவிட்டு அவனுடைய வெள்ளைச் சேட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். சவர்க்கார முதலாளியிடம் வேலை கேட்கப் போகிறவன் வீட்டில் சவர்க்காரம் ஏது? பனம்பழத்தைப் பிசைந்துதான் தோய்த்தாள். நடுத்தங்கை சிரட்டைக் கரி போட்டு அயன் பண்ணினாள். வதனி சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து வைத்தாள். இல்லாத பிள்ளைகள் மூன்றும் இவ்வளவு வேலை செய்தன.

வேலைச்சந்தையில் பரமலிங்கம் முதலாளி சந்தனப்பொட்டும் நாலு முழ வேட்டியுமாக ஒரு மூலை மேசையில் இருந்தார். தயாபரன் செய்துகாட்டிய கணக்கை மேலும் கீழும் பார்த்தார்.

“நல்லாச் செய்திருக்கிறீர் தம்பி. சேட்டும் வலு வெள்ளை. பனம்பழமோ?”

“ஓம் ஐயா.”

“ஆர் தோய்ச்சது?”

“நான்தான் ஐயா.”

மாமா சொல்லிக்கொடுக்காத பொய்யும் தானாகவே வந்தது. பழக்கம் என்றால் அப்படித்தான்.

“சரி, ஒரு கேள்வி. வீட்டிலை குமர்ப்பிள்ளையள் எத்தினை பேர்?”

தயாபரனுக்கு உச்சி குளிர்ந்தது. மாமா மாமாதான்!

“ஒருத்தருமில்லை ஐயா. நான் தனிப்பிள்ளை.”

இம்முறை மூஞ்சியில் துளிக் கள்ளம் தெரியவில்லை.

முதலாளி ஒரு பெருமூச்சு விட்டு, அவனுடைய சேட்டிபிக்கற்றுகளை அவனிடமே நீட்டினார்.

“கோவியாதையும் தம்பி. வந்த பெடியளுக்குள்ளை நீர்தான் கெட்டிக்காரன். ஆனா, எனக்கு உழைப்பு வரப் பிந்தினதாலை என்ரை அக்காமார் ரெண்டு பேரும் கலியாணமில்லாமலே நரைச்சுப் போச்சினம். அந்த நாளிலையிருந்து, குமர் இருக்கிற வீட்டுப் பெடியனுக்குத்தான் நான் வேலை குடுக்கிறது. உமக்கென்ன, தனியாள். எங்கையும் பிழைச்சுக்கொள்ளுவீர்.”

தயாபரன் சேட்டிபிக்கற்றுகளை வாங்காமல் பதறினான்.

“ஐயா! எனக்கு மூண்டு பேர் இருக்கினம் ஐயா! ஒரு அக்கா, ரெண்டு தங்கச்சி... சேட்டுத் தோய்ச்சதும் அக்காதான் ஐயா!”

முதலாளி சிரித்தார்.

“காரணத்தைச் சொன்ன உடனை எல்லாருக்கும் தங்கச்சிமார் முளைக்கினம். சரி, நீர் சொல்லுறது உண்மையெண்டே வைப்பம். வீட்டிலை இருக்கிற மூண்டு சீவனை இல்லையெண்டு சொன்ன நீர், நாளைக்கு என்ரை லாச்சியிலை இருக்கிறதையும் இல்லையெண்டு சொல்லமாட்டீரோ? போய் அடுத்த ஆளை வரச்சொல்லும்.”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனை ஊருக்குத் தெரியும். தயாபரன் வெண்ணெயைக் கிணற்றில் போட்டுவிட்டல்லவா நெய் கேட்கப் போயிருக்கிறான்!

வதனி இறுக்கிக் காற்றடித்த சைக்கிளில் ஏறவும் மனமில்லாமல், பலாலி வீதி நெடுக அதை உருட்டிக்கொண்டே வந்தான். வீட்டில் மாமா கதிரையில் சாய்ந்து, பாராட்டு வாங்கத் தயாராக இருந்தார். படலையடியில் அக்காவும் தங்கைகளும் அவன் வரும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முந்திக்கொண்டு ஓடிவந்தவள் வதனிதான்.

“என்ன அண்ணை, நாங்கள் இனிப் பிறக்கலாமோ?”