பேஸ்ட் இறுகும் வரை

"ஐயா, வாயை மூடாதீங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"வாசனையே வயித்தைப் புரட்டுதும்மா. என்னது அது, கிராம்பா?"

"கிராம்பு எண்ணெய் கலந்த பேஸ்ட். உங்க ஈறோட அச்சு எடுக்கறதுக்கு. வாயில வச்சு நாலே நாலு நிமிஷம். இறுகினதும் எடுத்துடுவேன்."

"நாலு நிமிஷமா!" பெரியவர் நாற்காலியின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பல் மருத்துவக் கல்லூரியின் கடைசி வருட மாணவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்று செய்முறைத் தேர்வு. ஒரு பல்கூட இல்லாத ஆளைத் தேடிப் பிடித்து, அவர் வாயில் அச்சு எடுத்துக் காட்ட வேண்டும். மற்ற கல்லூரிப் பிள்ளைகள் தேர்வு நாளில் கடவுளைத் தேடுவார்கள். இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் பல் இல்லாதவர்களைத் தேடுவார்கள். அவள் இரண்டு மாதமாகப் பேசி வைத்திருந்த தையல்கார அம்மா, மருமகளுக்குப் பிரசவ வலி என்று காலையில் கைவிரித்துவிட்டாள்.

கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வராந்தாவில் நின்றபோதுதான் இந்தப் பெரியவர் கண்ணில் பட்டார். பெஞ்சில் உட்கார்ந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். உள்ளே ஒரு பல் இல்லை. அவ்வளவு அழகான வாயை அவள் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

"மகளோட வந்தேன். அவளுக்கு இங்க வேலை முடிய சாயங்காலம் ஆகுமாம். நான் சும்மாதானே இருக்கேன்" என்று உடனே எழுந்து வந்துவிட்டார். மெழுகில் முதல் அச்சு எடுத்தபோது சமர்த்தாகத்தான் இருந்தார். பேஸ்ட் என்றதும் முரண்டு பிடிக்கிறார்.

"போன தடவை இந்த இடத்துலதான் ஐயா ஃபெயில் ஆனேன். பேஷன்ட் குமட்டி, வாயில வச்ச அச்சு ட்ரேயோட துப்பிட்டார். இந்தத் தடவையும் போச்சுன்னா இன்னும் ஆறு மாசம் வீட்டுல பேச்சு வாங்கணும்."

பெரியவருக்கு மனசு இளகிவிட்டது. "எனக்கும் குமட்டுமேம்மா. இந்தப் பயத்துலதான் ஆறு வருஷமா பல் செட்டே கட்டிக்கல. சரி, நீ ஒண்ணு பண்ணு. ஏதாவது பேசிக்கிட்டே இரு. கவனம் அந்தப் பக்கம் போயிடும்."

"என்ன பேசறது?"

"உங்களுக்குப் பரீட்சை வைக்கறது யாரு?"

"அதுவா..." மாணவி தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு மேடம்."

"அவங்களைப் பத்தியே சொல்லேன்."

கண்ணாடித் தகட்டில் பழுப்பு டியூபையும் வெள்ளை டியூபையும் சம நீளத்துக்குப் பிதுக்கி, நிறம் ஒன்றாகும்வரை மடமடவென்று குழைத்தாள். அவர் உதட்டில் வாசலின் தடவினாள். பேஸ்டை ட்ரேயில் நிரப்பி, மேலண்ணத்தில் அழுத்திப் பிடித்தாள்.

"எங்க மேடம் சிரிச்சு இங்க யாருமே பார்த்ததில்ல ஐயா. நாங்க கஷாயம்னு பேரு வச்சிருக்கோம். எந்நேரமும் அதைக் குடிச்ச மூஞ்சி."

பெரியவரின் கண்கள் விரிந்தன. ஒரு நிமிடம் ஓடிவிட்டது. மாணவிக்குத்தான் மனசு உறுத்தியது. பேச்சை மாற்றினாள்.

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, இல்லையா ஐயா?"

அவர் தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. ட்ரே ஆடியது.

"ஐயையோ... அந்தக் கஷாயம் இருக்காங்களே!" என்று அவசரமாகத் திரும்பினாள். தொண்டை அடங்கியது.

அதற்கப்புறம் அவள் பிடித்த பிடியை விடவில்லை. "துளி பஞ்சு கீழ விழுந்தாலும் அரை மணி நேரம் அர்ச்சனை. 'உன் கை கையா, அகப்பையா?'ம்பாங்க. நாம ஒரு வார்த்தை சொன்னா, அவங்க ஒன்பது சொல்வாங்க. பாவம், அவங்க வீட்டுல இருக்கறவங்க எப்படித்தான் காலம் தள்ளறாங்களோ!"

பெரியவரின் கண்ணோரம் ஈரமானது. கிராம்பு எண்ணெயின் காரம் என்று நினைத்து, மாணவி பஞ்சால் துடைத்துவிட்டாள். அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

நாலாவது நிமிடம் முடிந்தது. ட்ரே கையோடு வந்தது. ஈறின் ஒரு மடிப்பு, ஒரு கோடு பாக்கியில்லாமல் அச்சில் விழுந்திருந்தது. அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

அதற்குள் தடுப்பைத் தாண்டி மேடம் வந்துவிட்டார். நாற்காலியைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, ட்ரேயை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"பேஷன்ட் குமட்டலையா?"

"இல்ல மேடம்."

"எழுந்து ஓடப் பார்க்கலையா?"

"இல்லையே மேடம்."

"நாலு நிமிஷமும் ஒழுங்கா உட்கார்ந்திருந்தாரா?"

"அசையவே இல்ல மேடம்."

மேடம் மதிப்பெண் தாளில் எண்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாணவிக்கு உயிர் வந்தது.

பேனாவை மூடிவிட்டு, மேடம் பெரியவர் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, வீட்டுல நான் இந்த டியூபைக் கையில எடுத்தாலே மொட்டை மாடிக்கு ஓடுவீங்களே! ஆறு வருஷமா பெத்த பொண்ணுகிட்ட காட்டாத வாயை இவகிட்ட மட்டும் எப்படிக் காட்டினீங்க?"

மாணவி மெல்ல நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்தாள்.

பெரியவர் உதட்டில் ஒட்டியிருந்த பேஸ்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ என்னைத் திட்டிக்கிட்டே வைப்பே. இந்தப் பொண்ணு உன்னைத் திட்டிக்கிட்டே வச்சுதா... கேக்கற சுகத்துல பேஸ்ட் இறுகினதே தெரியலம்மா!"