சக்கரம் வைத்த சிம்மாசனம்

அமெரிக்காவின் இர்விங் நகரத்து மாலை வெயில், பியூலாவின் அபார்ட்மெண்டில் ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களின் மடிகளில் விழுந்து கிடக்கிறது. விசா சிக்கலால் பாளையங்கோட்டைக்குப் போக முடியாமல், அம்மாவின் அடக்கத்தைப் போனில் பார்த்த ஹெப்சிபா அன்றிலிருந்து வாய்விட்டு ஜெபிப்பதில்லை. ஆண்டவர் ஊர்க்கோயிலிலேயே தங்கிவிட்டதாக நினைக்கிறாள். ஆளுக்கொரு வசனமாக வாசித்துவர, பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனம் அவள் முறைக்கு வருகிறது. நாடுகடத்தப்பட்டவர்கள் நடுவே, பாபிலோனின் அந்நிய ஆற்றங்கரையில், வானம் திறக்கிறது. அவள் நிமிர்கிறாள். “எருசலேம்ல இல்லையாக்கா? பாபிலோன்லயா காட்சி குடுத்தாரு?” “ஆமா ஹெப்சி. அவரு சிம்மாசனத்துக்கு அடியில சக்கரமே இருக்கு, மேல படி” என்கிறாள் பியூலா. “அவருக்கு விசா ஸ்டாம்பிங் வேண்டாம்லா!” என்கிறார் பியூலாவின் கணவர் செல்வின். அறையே சிரிக்கிறது. ஹெப்சிபாவும் சிரிக்கிறாள், கண்கள் நிறைகின்றன. பியூலா நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். ஜன்னலுக்கு வெளியே ஃப்ரீவே நெடுஞ்சாலை பெருவெள்ளம்போல இரைகிறது. “முடிவு ஜெபம் யாரு?” என்று செல்வின் கேட்டு முடிப்பதற்குள், “நான் பண்றேன் அண்ணே” என்கிறாள் ஹெப்சிபா. தலைகள் தாழ்கின்றன. அவள் குரல் முதலில் நடுங்குகிறது, பிறகு இரைச்சலை மீறி எழுகிறது. “ஆண்டவரே, அன்னைக்கு எங்கம்மா பக்கத்துலயும் நீர்தான் நின்னீர், என் பக்கத்துலயும் நீர்தான் நின்னீர்.” அவள் முடிக்குமுன்பே அறை முழுவதும் ஆமென் என்று முழங்குகிறது.