விரதம் என்ற சொல்

"அரை டம்ளர்தான், மிஸ்ஸி. விரதத்துக்குப் பால் ஆகாதுன்னு எந்தச் சாமி சொல்லிச்சு?"

பூங்காவனம் கேட்டபோது அவள் கணவருக்கு ரத்தம் எடுப்பதற்கான ஊசி தாதி கோகிலாவின் கையில் தயாராக இருந்தது. அவள் அதைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

இது மூன்றாவது வாரம்.

பிழையின் தொடக்கம் தன்னுடையதே என்பது கோகிலாவுக்குத் தெரியும். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பதைத் தலைமைத் தாதி மலாயில் 'புவாசா' என்றார். அதை இவள் தமிழில் 'விரதம்' என்றாள். விரதத்தில் சோறு கிடையாது. பாலும் பழமும் உண்டு.

முதல் வாரம் இரண்டையும் முடித்துவிட்டு வந்தார்கள். இரண்டாம் வாரம் பழத்தை விட்டார்கள். பாலும் கூடாது என்று தெளிவாகச் சொல்லி அனுப்பிய பிறகு, இன்று அது அரை டம்ளராக இறங்கியிருக்கிறது, சந்தையில் பேரம் படிவதைப்போல.

பெஞ்சில் பூங்காவனத்தின் கணவர் பொன்னுதுரை காலை நீட்டி அமர்ந்திருந்தார். சர்க்கரை நோயில் வலது பெருவிரல் கறுத்திருந்தது. வெறும் வயிற்று ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அறியாமல் டாக்டர் அறுவைக்குத் தேதி தரமாட்டார். கறுப்போ வாரத்துக்கு வாரம் மேலேறிக்கொண்டிருந்தது. விரலை மட்டும் எடுத்தால் போதும் என்ற நிலை இன்னும் எத்தனை நாளைக்கு என்று எவராலும் சொல்ல முடியாது.

"இது சாமி விரதம் இல்லக்கா." கோகிலாவின் குரல் உயர்ந்தது. "பட்டினி. சுத்தப் பட்டினி."

பூங்காவனம் சட்டென்று அவளுடைய மணிக்கட்டைப் பற்றி வராந்தாவுக்கு இழுத்துச் சென்றாள். அங்கே இருவர் ஏணிமேல் நின்று மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த வார்த்தைய அவர் காதுல போடாதீங்க, மிஸ்ஸி. சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடிச்சிட்டுப் போன ஆளு. சண்டை முடிஞ்சு காஜா பேராங் ரோட்டு முனையில லாரியிலேருந்து இறக்கி விட்டாங்க. எலும்பும் தோலுமா இருந்தவர நான் ஒருத்தியே தூக்கிட்டு வீட்டுக்கு நடந்தேன்."

மணிக்கட்டைப் பற்றிய பிடியை அவள் விடவில்லை.

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு வேளைகூட அவரைக் காலி வயிற்றோடு வாசல் தாண்ட விட்டதில்லை என்றாள்.

கோகிலா கையை விடுவித்துக்கொண்டாள். அடுத்த வாரத்துக்குத் தேதி எழுத உள்ளே வந்தாள்.

பொன்னுதுரை சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையை மேசைமேல் வைத்துக் காத்திருந்தார். நெற்றி வேர்த்திருந்தது.

"குத்துங்க, மிஸ்ஸி. அவ சேலை மாத்தப் போன நேரம் பாலை வாழைக்கு ஊத்திட்டேன்."

"அப்ப போன ரெண்டு வாரமும்?"

"குடிச்சேன். நீங்க சொன்னது எனக்கு மொத நாளே புரிஞ்சிருச்சு." அவர் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பசி எனக்குப் பழகினது, மிஸ்ஸி. அவளுக்குத்தான் இன்னும் பழகல."

கோகிலா ரப்பர் குழாயை அவர் கையில் இறுக்கிக் கட்டினாள். நரம்பு அகப்படச் சற்று நேரமாயிற்று.

ஊசிக்குள் ரத்தம் ஏறும்போது பூங்காவனம் நிலைவாசலில் வந்து நின்றாள்.

"பால் குடிச்சிருக்காரே, மிஸ்ஸி?"

"அரை டம்ளர்தானேக்கா. பரவாயில்ல," என்றாள் கோகிலா, தலை நிமிராமல்.

பொன்னுதுரை மற்றக் கையின் புறத்தால், உலர்ந்திருந்த மேலுதட்டைப் பால் ஒட்டியிருப்பதுபோல மெல்லத் துடைத்துக்கொண்டார்.