சுவிட்சின் இடது ஓரம்

மெட்ரோ நிலையத்தின் சுழல்தடுப்புக்கு உள்ளே அவன் நிற்கிறான், வெளியே நான். மெக்சிகோ நகரத்தில் பழைய சாமான் கைமாறுவது இப்படித்தான். வெளியே வந்தால் விற்பவனுக்கு இன்னொரு டிக்கெட் செலவு. மதிய வெயில் படிக்கட்டோடு நின்றுவிடுகிறது. குழல்விளக்கின் கீழே அவன் நீட்டும், காலால் மிதித்து ஒலியை மாற்றும் பேஸ் கிட்டார் பெடல் என்னுடையது. குமிழுக்குப் பக்கத்தில் நான் வைத்த நகப்பூச்சுப் புள்ளி அப்படியே இருக்கிறது. போன மாதம் கத்தியைக் காட்டி என் பையைப் பிடுங்கியவன் ஹெல்மெட் போட்டிருந்தான். பையில் பெடலோடு என் அடையாள அட்டையும் இருந்தது, பெயரும் வீட்டு முகவரியுமாக. திருடனிடம் வாங்கிய யாரோ ஒருவன் விற்கிறான் என்று நம்பித்தான் வந்தேன்.

"என்ன மச்சி, பேயப் பாத்த மாதிரி முழிக்கிற?" என்று சிரிக்கிறான். கத்தி காட்டியவனின் அதே குரல். "பேட்டரி கொண்டாந்தியா? போட்டுப் பாரு. எரியலன்னா உன் பேட்டரிதான் செத்துருக்கும், என்னைக் கேக்காத."

பேட்டரியைச் செருகுகிறேன். மூடியைச் சாத்தியதும் என் கட்டைவிரல் பழக்கத்தில் சுவிட்சின் இடது ஓரத்தைச் சாய்த்து அழுத்துகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. அவன் சிரிப்பு நிற்கிறது.

"நாலு வாரமா மிதிச்சுப் பாத்துட்டேன், ஒரு தடவகூட எரியல. உனக்கு மட்டும் எப்படிடா?"

கீழே ரயில் வருகிறது, தரை அதிர்கிறது. அவன் தடுப்பின் மேல் சாய்ந்து என் முகத்தை நிதானமாகப் பார்க்கிறான்.

"எவெரார்தோ?" என்கிறான்.

அவன் விற்பனை விளம்பரத்துக்குப் பதில் எழுதியபோது நான் கொடுத்த பெயர் இவான்.